நீவா பெயரில் ஏழு உறைகள்

வெர்லின் ஸ்டில்ட்னர் என்ற பெயரை ஜூவல் முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். செத்தது அவளுடைய சொந்தச் சித்தப்பா எட்சல். ஐம்பத்தைந்தாம் வருஷம், அக்டோபர் மழை. அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. மலைமேல் ஆறாம் முகாமில் மரம் சாய்க்கும்போது மேலிருந்து முறிந்த கிளை ஒன்று சித்தப்பா தலையில் விழுந்துவிட்டது. அப்பா நனைந்த தொப்பியோடு சமையலறையில் நின்று அம்மாவிடம் சொன்னார்.

"மேஸ்திரி சொல்றான், வேலை முடியட்டும், சாயந்திர லாரியில இறக்கிக்கலாம்னு. டார்சி ஸ்டில்ட்னரோட ரெண்டாவது பையன் ஒருத்தன், வெர்லினாம், ரம்பத்தைக் கீழ போட்டுட்டுப் போயி எட்சல் பக்கத்துல உக்காந்துட்டான். 'எந்திரிடா, கூலி போயிடும்'ங்கறான் மேஸ்திரி. 'ஆளே போயிட்டாரு, கூலி போனா என்னா'ங்கறான் பய. அதுக்கப்புறம் எவன் ரம்பத்தைத் தொடுவான்? எல்லாரும் உக்காந்துட்டோம்."

"எத்தனை வயசு இருக்கும் அவனுக்கு?" என்றாள் அம்மா.

"பதினாறு. மீசைகூட வரல."

"டார்சி பையன்னா நமக்கு ஒறவுதான். அவன் பாட்டியும் எங்கம்மாவும் ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சி. அந்தப் பக்கம் எல்லாருமே கல்லுக்குண்டு மாதிரி. உக்காந்தா எந்திரிக்க மாட்டாங்க."

அம்மா சொன்னது சரிதான் என்று தெரிந்துகொள்ள ஜூவலுக்கு ஐம்பது வருஷம் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து அவள் கட்டிக்கொண்டது அவனுடைய அண்ணன் ஹார்லனை. ஆக வெர்லின் அவளுக்குக் கொழுந்தன்.

இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற ஸ்டில்ட்னர், லெட்ஃபோர்ட், மேத்திஸ் குடும்பங்கள் எல்லாம் கரோலினா மலையிலிருந்து மரம் வெட்ட வந்த கூட்டம். இந்த வாஷிங்டன் மாநிலத்து மழைக்காட்டுக்கு வரும்போது பெட்டியில் ஒன்றும் கொண்டுவரவில்லை. பூ வைக்கிற ஞாயிறை மட்டும் கொண்டுவந்தார்கள். ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு, சொந்தம் எல்லாம் கல்லறை மேட்டில் கூட வேண்டும். மண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முதுகு மாதிரி மேடாகக் கூட்டி, வெள்ளைக் கூழாங்கல் பதித்து, மெழுகில் தோய்த்த காகிதப் பூ வைக்க வேண்டும். அப்புறம் நீளமான பலகை போட்டு வறுத்த கோழி, உப்புப் பன்றியோடு வெந்த பீன்ஸ், சோள ரொட்டி, காய்ந்த ஆப்பிள் வைத்து அடுக்கிய கேக் என்று செத்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வராதவர்களில் இரண்டு பேருக்குத்தான் மன்னிப்பு உண்டு. பிள்ளை பெற்றவளும் ஆஸ்பத்திரியில் கிடப்பவனும் வரவேண்டாம். வேறு காரணம் செல்லாது.

ஆறாம் முகாமின் மேட்டில் நாற்பத்தொரு கல்லறை. கீழே கிரேடன் ஊர்க் கல்லறையில் இடம் வாங்கக் காசில்லாத காலத்தில், மரக் கம்பெனி நிலத்திலேயே புதைத்தது. பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கம்பத்தில் பன்றிக்கொழுப்பு டின் ஒன்று கம்பியில் தொங்கும். மேலே போகிறவர்கள் தங்கள் இறந்தவரின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கையில் இருப்பதைச் சுற்றி அதில் போடுவார்கள். யாரும் கேட்பதில்லை. அந்தக் காசில் ஆணி வாங்கி, பலகை வாங்கி, வழியில் குறுக்கிடும் ஓடையின் மரப்பாலத்தைச் செப்பனிடுவான் வெர்லின். அது அவன் வேலை என்று யாரும் நியமிக்கவில்லை. அறுபத்தெட்டிலிருந்து அவனே செய்தான்.

அறுபத்தெட்டில்தான் நீவா போனாள். வெர்லினுடைய ஒரே பெண், ஆறு வயது. நெஞ்சில் சளி கட்டிய மூன்றாம் நாள். அவள் அம்மா ஓபல் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தாள். பிறகு அக்காமார்களிடம் கரோலினாவுக்கே போய்விட்டாள். போகும்போது அவனையும் கூப்பிட்டாள். ஜூவலும் அங்கே நின்றிருந்தாள்.

"அங்க மில்லு இருக்கு, வேலை இருக்கு. எந்திரிச்சு வா வெர்லின்."

"நீவாவ யாரு பாத்துக்குவா?"

"அவ மண்ணுக்குள்ள இருக்கா!"

"அதான் சொல்றேன். அவளால நம்மகூட வர முடியாதில்ல?"

ஓபல் பஸ் ஏறினாள். அவன் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு கல்லறைக்காக ஒரு ஆள் ஊரில் தங்கினான் என்றால் சிரிப்பார்கள். சிரித்தவர்களும் உண்டு.

எண்பத்து நாலில் கம்பெனி மரமெல்லாம் தீர்ந்து கடையைக் கட்டியது. மொட்டை மலை அரசாங்கத்தின் கைக்குப் போனது, பொதுக்காடு ஆயிற்று. இனிமேல் மேட்டில் புதைக்கக் கூடாது என்று ஒரு கடிதம் வந்தது. இருக்கிறவர்கள் இருக்கலாம், போய்வரலாம். அதனால்தான் தொண்ணூற்றேழில் ஹார்லன் இறந்தபோது கிரேடனில் காசு கொடுத்து இடம் வாங்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு வெர்லின் ஜூவலிடம் கேட்டான்: "அண்ணி, என்னை மட்டும் எப்படியாவது அங்க வைப்பீங்களா? அவ பக்கத்துல ஒரு ஆள் எடம் விட்டு வச்சிருக்கேன்." ஜூவல் சரி என்றாள். துக்க வீட்டில் யார்தான் முடியாது என்பார்கள்?

அந்தக் காட்டுக்குள் ஒரு அருவி இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது லாரி டிரைவர்கள் முகம் கழுவுகிற இடம். பட்டணத்து ஆட்கள் முதுகுப்பையும் கைத்தடியுமாக அதைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். கல்லறைப் பாதை தொடங்குகிற இடத்திலேயே அருவிப் பாதையும் தொடங்க, அங்கே மரத்தை வெட்டி வண்டி நிறுத்தத் தார் போட்டார்கள், கக்கூஸ் கட்டினார்கள். அந்த வேலையில் கம்பமும் டின்னும் எங்கேயோ காணாமல் போயின.

வெர்லின் சும்மா இருக்கவில்லை. தொண்ணூற்றெட்டில் பள்ளிக்கூட ஹாலில் காட்டிலாகாக்காரர்கள் கூட்டம் போட்டபோது, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு போய் எழுந்து நின்றான். "எங்க டின்ன எடுத்துட்டீங்க. அதுக்குப் பதிலா பூட்டுப் போட்ட பெட்டி ஒண்ணு வச்சுக் குடுங்க. பராமரிப்புக் காசு போட எடமில்ல." மேசையில் இருந்தவன் தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டான்.

அடுத்த வருஷம் ஜூன் ஞாயிறு போனால், கம்பம் இருந்த இடத்திலேயே இடுப்பளவு இரும்புக் குழாய் ஒன்று நின்றது. மேலே காசு போடுகிற பிளவு, பக்கத்தில் பழுப்பு உறைகள் அடுக்கிய சின்னப் பெட்டி, பின்னால் அறிவிப்புப் பலகை. 'உங்கள் கட்டணம் இந்த இடத்தின் பராமரிப்புக்கு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நிறைய. யார் படித்தார்கள்? கையில் கோழிச் சட்டியோடு வந்தவர்கள்.

வெர்லின் அந்தக் குழாயைத் தட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா அண்ணி? கேட்டேன், வச்சுட்டாங்க. கவர்மென்டு கவர்மென்டுன்னு திட்டுனீங்களே!"

"இரும்புலயே வச்சிருக்கான்பா. குண்டு போட்டாலும் ஒடையாது போல."

"பேரு எழுதக் கோடுகூடப் போட்டிருக்கான் பாருங்க. நம்ம வழக்கம் தெரிஞ்ச ஆளு எவனோ இருக்கான்."

பெயர் என்ற கோட்டில் அவன் நீவா ஸ்டில்ட்னர் என்று எழுதினான். தேதி எழுதினான். வண்டி எண் என்ற கோட்டை விட்டுவிட்டான். நீவாவுக்கு ஏது வண்டி? இருபது டாலரை மடித்து உள்ளே போட்டான். பலகை கேட்டது ஐந்துதான். டின்னில் யாரும் அளந்து போட்டதில்லை, இங்கே மட்டும் அளப்பார்களா? ஜூவல் எட்சல் சித்தப்பாவின் பெயரை எழுதினாள். மேத்திஸ்கள் தங்கள் ஏழு பேருக்கு ஏழு உறை போட்டார்கள். உறையில் ஒரு ஓரம் கிழித்தெடுக்கிற மாதிரி இருந்தது. அதைக் கிழித்து வண்டிக் கண்ணாடியில் மாட்ட வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சோதிக்க யாரும் வரவில்லை. இப்படி ஏழு வருஷம் போனது.

எட்டாம் வருஷம் சோதிக்க வந்தார்கள். பலகையும் பாத்திரமுமாக மேட்டிலிருந்து இறங்கினால், பத்தொன்பது வண்டியிலும் முன்கண்ணாடியில் மஞ்சள் காகிதம் செருகியிருந்தது. கட்டணம் செலுத்தாமல் நிறுத்தியதற்கு அபராதம். லெட்ஃபோர்ட் வீட்டு ராய்ஸ் காகிதத்தைக் கசக்கி எறிந்தான்.

"செத்தவங்களப் பாக்க வந்ததுக்கு டிக்கெட்டாடா? சினிமாக் கொட்டகையா இது?"

"எறியாத, எடு அத," என்றான் வெர்லின். "புதுப்பய எவனோ தெரியாம வச்சிருக்கான். எல்லாத்தையும் என்கிட்ட குடுங்க. நான் போயிப் பேசிட்டு வர்றேன். நாமதான் போடறமே, உள்ள இருக்குமே."

பத்தொன்பது காகிதத்தையும் மேல்பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காட்டிலாகா ஆபீசுக்குப் போனான். துணைக்கு ஜூவல். அங்கே மிஸ் டால்பி என்று ஒரு இளம்பெண் இருந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது. உட்காரச் சொல்லி காப்பி கொடுத்தாள். வெர்லின் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய் ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துவந்தாள்.

"இதுவா பாருங்க ஐயா. வருஷா வருஷம் ஜூன்ல கட்டுக் கட்டா வரும். வண்டி நம்பர் இருக்காது, காசு மட்டும் கூடுதலா இருக்கும். யாருன்னே தெரியாம நன்கொடைன்னு எழுதிட்டோம்."

"நாங்கதான்மா அது," என்றான் வெர்லின். "எல்லாம் நாங்கதான்."

அவளுக்கும் சந்தோஷம். உறைகளை மேசையில் பெயர்வாரியாக அடுக்கினாள். "அப்போ சுலபமா முடிச்சிடலாம். கட்டினவங்க நேர்ல வந்து, அவங்க வண்டி நம்பர் சொன்னாப் போதும், இந்த அபராதத்தை ரத்து பண்ணிடுவேன். இதோ, நீவா ஸ்டில்ட்னர். இவங்க ஏழு வருஷமாத் தவறாம இருபது டாலர் போட்டிருக்காங்க. இவங்கள முதல்ல வரச் சொல்லுங்களேன்?"

வெர்லின் அந்த ஏழு உறைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தான். காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தான். ஜூவல்தான் சொன்னாள்.

"அவளால வர முடியாதும்மா. அவளுக்கு ஆறு வயசு. அவ மேல இருக்கா, மேட்டுல."

அந்தப் பெண்ணுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் காது வரை சிவந்துபோனாள். நிறையத் தடவை மன்னிப்புக் கேட்டாள். பத்தொன்பது அபராதத்தையும் தானே கையெழுத்துப் போட்டு ரத்து செய்தாள். வெர்லின் அதற்கு நன்றி சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அந்தக் காசெல்லாம் எங்கம்மா போச்சு? பாலத்துக்கு ஒரு பலகைகூட வரலயே. நான்தான் என் கைக்காசுல ஆணி வாங்கி அடிச்சேன்."

"வண்டி நிறுத்துற எடத்துக்கும் கழிப்பறைக்கும் போயிருக்கும் ஐயா. உங்க பாதை எங்க பாதைக் கணக்குலயே இல்ல. இல்லாத பாதைக்குச் செலவு பண்ண முடியாது."

"இல்லாத பாதையா?"

"புத்தகத்துல இல்லன்னேன்."

"நாப்பத்தோரு பேரத் தூக்கிட்டுப் போன பாதைம்மா அது."

அவள் பேச்சை மாற்றுகிறதாக நினைத்து, அறுபத்திரண்டு வயது தாண்டியவர்களுக்கு ஒரு அட்டை இருக்கிறது, பத்து டாலர் கொடுத்தால் சாகும்வரை செல்லும், கண்ணாடியில் மாட்டினால் போதும் என்றாள். ஜூவல் அங்கேயே ஒன்று வாங்கிக்கொண்டாள். வெர்லின் எழுந்து வெளியே போய்விட்டான். திரும்பி வரும் வழியில் ஊர் எல்லை வந்ததும் சொன்னான்:

"அவ பேருல கக்கூஸ் கட்டியிருக்கேன் அண்ணி."

அந்த நவம்பரில் மழை ஒன்பது நாள் விடவில்லை. ஓடை பெருகி, பாலத்தை இரண்டு கரையிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்த ஜூனில் உருகிய பனித்தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடியது. காகிதப் பூக்களை இந்தக் கரையில் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். சாப்பாட்டை வண்டி நிறுத்துகிற இடத்தில் தார் மேல் வைத்துச் சாப்பிட்டார்கள். அருவிக்கு வந்த ஒரு பெண்பிள்ளை, கேக் விற்பனைக்கா என்று கேட்டாள்.

வெர்லின் ஆறு மனு எழுதினான். ஜூவலின் பேத்தி அடித்துக் கொடுத்தாள். பாலம் கட்டித்தர வேண்டாம், சாய்ந்து நிற்கிற பட்ட செடார் மரம் இரண்டு மட்டும் வெட்டிக்கொள்ள விடுங்கள், நாங்களே போட்டுக்கொள்கிறோம். மரம் வெட்டினால் மீனுக்குக் கெடுதலா என்று ஆய்வு நடக்க வேண்டும், ஆந்தைக்குக் கெடுதலா என்று ஆய்வு நடக்க வேண்டும், காத்திருங்கள் என்று பதில் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தான். அவனுக்கு வயது அறுபத்தொன்பது. முழங்கால் இரண்டும் பட்டுப்போன மரம்தான்.

இரண்டாயிரத்தெட்டு, மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் ஜூவல் வீட்டு வாசலில் வந்து நின்றான். வண்டியின் பின்னால் ஹார்லனுடைய பழைய இரட்டைப்பிடி ரம்பம் புது எண்ணெய் பூசிக் கிடந்தது.

"அண்ணி, இன்னிக்கு வேலை ஏதும் இருக்கா?"

"ஏன், மோட்டார் ரம்பம் இல்லயா ஒன்கிட்ட?"

"சத்தம் கேக்கும். இதுக்கு ரெண்டு பேரு வேணும். ராய்ஸக் கூப்பிட்டா ஊரெல்லாம் சொல்லிடுவான்."

"எனக்கு எழுபத்தோரு வயசுடா, பாவி."

"அண்ணனுக்குப் பிடிச்சுக் குடுத்திருக்கீங்கல்ல. மறந்தா போயிருக்கும்?"

ஜூவல் ஹார்லனின் கைக்கவசத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஏறினாள். அடிவாரத்தில் வேறு வண்டியே இல்லை. இறங்குமுன் தன் பையிலிருந்த அட்டையை எடுத்து முன்கண்ணாடியில் மாட்டினாள்.

"அத எடுத்து உள்ள வைங்க அண்ணி."

"இருந்துட்டுப் போகட்டும். நம்ம கண்ண அதா உறுத்துது?"

"என் வண்டில வேணாம்."

"பத்து டாலர் அட்டைக்கா இவ்வளவு ரோஷம்? டிக்கெட் வைக்க வந்தான்னா நின்னு நோட்டம் விடுவான். வேலை முடியறவரைக்கும் பேசாம இரு."

"ஏழு வருஷம் காசு போட்டாச்சு. எம்பொண்ணப் பாக்கப் போறதுக்குச் சீட்டு மாட்ட மாட்டேன்." அவனே அட்டையைக் கழற்றி, வண்டியின் முன்பக்க டப்பாவுக்குள் போட்டு மூடினான்.

உக்காந்தா எந்திரிக்க மாட்டாங்க என்று அம்மா சொன்னது அப்போது ஜூவலுக்கு ஞாபகம் வந்தது. வந்தும் அவள் அட்டையைத் திரும்ப மாட்டவில்லை. கொழுந்தனிடம் ஒரு அட்டைக்காக மல்லுக்கட்டுவானேன் என்று விட்டுவிட்டாள்.

ஓடைக் கரையிலேயே பட்ட மரம் ஒன்று தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. இரட்டைப்பிடி ரம்பத்துக்கு ஒரே விதிதான்: இழுக்கலாம், தள்ளக் கூடாது. உன் முறை முடிந்ததும் கையைத் தளர்த்தி விட்டுவிட வேண்டும்; எதிர்ப்பக்கம் இருப்பவன் இழுத்துக்கொள்வான். தள்ளினால் பல் வளையும், ஆள் களைத்துப்போவான். அரை மணி நேரம் ஜூவல் தள்ளிக்கொண்டேதான் இருந்தாள்.

"எம்மேல ஏறிச் சவாரி பண்றீங்களே அண்ணி! விடுங்க, விட்டுப் பிடிங்க!"

"ஒங்க அண்ணன் இப்படிப் பேசுனதே இல்ல."

"பேசியிருப்பான். ஒங்க காதுல விழுந்திருக்காது."

அதுதான் அவனிடம் அவள் கேட்ட கடைசிக் கேலி. மத்தியானத்துக்குள் மரம் முனகிக்கொண்டு சாய்ந்தது. பாதி தூரம் கைரம்ப வேலையாலும் மீதி மரத்தின் தயவாலும், சரியாக அக்கரைப் பாறையில் போய்த் தலைவைத்துப் படுத்தது. வெர்லின் கோடாலியால் மேல்பக்கத்தைச் செதுக்கித் தட்டையாக்க ஆரம்பித்தான்.

கீழே வண்டிகளில் சீட்டு இருக்கிறதா என்று சோதிக்கிறவன் வந்திருந்தான். வாரநாளில் ஒற்றை வண்டி, சீட்டு இல்லை. மஞ்சள் காகிதம் எழுதி வைத்துவிட்டு நகர்ந்திருப்பான். வண்டிக்குப் பின்னால் புதிய ரம்ப எண்ணெய் சொட்டியிருப்பதைப் பார்த்து நின்றான். நின்றதால் கோடாலிச் சத்தம் கேட்டது. மேலே ஏறி வந்துவிட்டான்.

"சார், கோடாலியக் கீழ வைங்க. இந்த மரத்த வெட்ட அனுமதி இருக்கா?"

"இல்ல."

"இவங்க யாரு?"

ஜூவல் வாயைத் திறப்பதற்குள் வெர்லின் சொல்லிவிட்டான்: "சாப்பாடு கொண்டுவந்தவங்க. எங்க அண்ணி. இதுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்ல." ரம்பத்தின் இன்னொரு பிடி அவள் காலடியில்தான் கிடந்தது. சோதிக்கிறவன் அதைப் பார்த்தான், பேசவில்லை. ஜூவலும் பேசவில்லை. அந்தப் பேசாமல் இருந்ததைத்தான் அவள் இன்றைக்கும் மென்று விழுங்க முடியாமல் இருக்கிறாள்.

"உங்க பேரு, அடையாள அட்டை வேணும் சார்."

"தர்றேன். ஒரு அரை மணி நேரம் பொறு தம்பி." வெர்லின் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு மரத்தின்மேல் ஏறினான்.

"சார், எறங்குங்க! வழுக்கும், விழுந்துடுவீங்க! அது பாலம் இல்ல!"

அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முழங்கால் மடங்காமல், கோழி நடப்பது மாதிரி நடந்து அக்கரை போனான். மேட்டின் மறைவில் போய்விட்டான். சோதிக்கிறவன் ஜூவலைப் பார்த்தான். "அங்க என்ன இருக்கு?" என்றான். ஜூவல் சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான், ஆனால் எழுதுகிற புத்தகத்தை மூடவில்லை. இருவரும் காத்திருந்தார்கள். அரை மணி என்றவன் ஒன்றே கால் மணி நேரம் கழித்து வந்தான், நகக்கண்ணெல்லாம் மண். இரண்டு வருஷத்துப் புல்லையும் கையாலேயே பிடுங்கியிருக்கிறான்.

"இப்ப எழுது," என்றான்.

அடுத்த வாரமே ஆள் வந்து, பாதுகாப்பில்லாதது என்று அந்த மரத்தை மோட்டார் ரம்பத்தால் ஆறு துண்டாக வெட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். ஆந்தையையும் மீனையும் அன்றைக்கு யாரும் ஆய்வு செய்ததாகத் தெரியவில்லை. செப்டம்பரில் பட்டணத்து நீதிமன்றத்தில் வெர்லின் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதம் ஆயிரத்து இருநூறு டாலர். மூன்று வருஷத்துக்கு அந்தக் காட்டு எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

"மூணு வருஷம்னா மூணு ஜூனுங்களா, நாலு ஜூனுங்களா?"

"மூன்று, திரு. ஸ்டில்ட்னர்."

"சரிங்க."

ஜூவல் வண்டியில் வரும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "அந்த அட்டைய மாட்டியிருந்தா இவ்வளவும் வந்திருக்குமா? ஒன் ரோஷத்துக்கு நீவா காத்துக் கெடக்கணுமா?"

"ஒங்களுக்கு அது அட்டை அண்ணி."

"ஒனக்கு என்ன?"

அதற்குப் பிறகு வெர்லின் அவளுடைய வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். ஒவ்வொரு ஜூனிலும் காகிதப் பூ செய்து கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவான், கொண்டுபோகச் சொல்லி. அவளும் கொண்டுபோய் ஓடைக்கு இந்தக் கரையில் கட்டுவாள். கூட்டமும் குறைந்துவிட்டது. மேத்திஸ்கள் வருவதில்லை. ராய்ஸ் ஒரு வருஷம் வந்தான், வண்டிக் கண்ணாடியில் அவனும் அட்டை மாட்டியிருந்தான்.

தடை முடிந்தது இரண்டாயிரத்துப் பதினொன்று செப்டம்பரில். அடுத்த ஜூனுக்கு என்று வெர்லின் ரப்பர் கால்சட்டை ஒன்று வாங்கி வைத்தான், நெஞ்சளவு தண்ணீரில் மீன்பிடிப்பவர்கள் போடுவது. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஜனவரியில், வாசலில் பனி தள்ளும்போது விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஹார்லன் சாவன்று கொடுத்த வாக்கை நினைத்து ஜூவல் ஆபீசுக்குப் போனாள். மிஸ் டால்பி மாற்றலாகிப் போயிருந்தாள். புதிதாக வந்தவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எண்பத்து நாலுக்குப் பிறகு புதைக்க இடமில்லை, சாம்பலாக இருந்தாலும் மனுப்போட வேண்டும், எட்டு மாதம் ஆகும் என்றான். சாம்பலாக்குவது ஸ்டில்ட்னர் வழக்கத்தில் இல்லை. ஜூவல் திரும்பி வரும்போது அந்த ஆபீஸ் வாசலில் நின்று, செருப்புப் பெட்டியில் இருந்த உறைகளையாவது தருவீர்களா என்று கேட்டாள். ஏழு வருஷத்துக்கு மேலான காகிதங்களை வைத்திருப்பதில்லை என்றார்கள்.

இரும்புக் குழாய் அங்கேயே நிற்கிறது. அருவிக்குப் போகிற கூட்டம் சனி, ஞாயிறுகளில் வரிசையில் நின்று உறை போடுகிறது. கக்கூஸுக்குப் புதுக்கூரை போட்டிருக்கிறார்கள். நீவா மேட்டில் இருக்கிறாள், பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக இருக்கிறது. வெர்லின் கிரேடன் ஊர்க் கல்லறையில், மேற்கு வேலியோரம், கடைசி வரிசையில் மூன்றாவதாக இருக்கிறான்.